அனுப்பியாயிற்று, பதில் எங்கே?

தம்புள்ளையில் தண்டம் எழுதப்பட்ட ஒரு லொறிச் சாரதி எவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்பதைக் கிளிநொச்சிப் பக்கத்துச் சாரதிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீதியில் மறித்த பொலிஸ்காரர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப் பத்திரத்தைக் கையில் கொடுப்பார். அதைத் தபாலகத்துக்குக் கொண்டுபோய்க் காசு கட்ட வேண்டும். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும், 28 நாளும் கடந்தால் நீதிமன்றம். கட்டிய பற்றுச்சீட்டோடு, தண்டம் எழுதிய அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போனால்தான் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். வட்டக்கச்சியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு போனவருக்கு ஆயிரம் ரூபாத் தண்டத்துக்காக ஒரு நாள் உழைப்பும் எரிபொருளும் போய்விடும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் அதே இடத்தில் தாளை மடித்து நீட்டினார்கள்.

2025 பெப்ரவரி 7ஆம் திகதி அரசாங்கம் ‘கவ்பே’ என்ற இணையவழிக் கொடுப்பனவு முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் வீதித் தண்டப்பணத்தை அதில் கட்டும் முறை பரீட்சார்த்தமாக ஆரம்பமாகி, பிறகு மாகாணம் மாகாணமாக விரிந்தது. வேலை செய்யும் விதம் எளிமையானது. பொலிஸ்காரர் தரும் தண்டப் பத்திரத்தின் இலக்கத்தைச் சாரதி தன் வங்கிச் செயலியில் போட்டுக் காசைக் கட்டுவார். கட்டிய செய்தி பொலிஸ்காரரின் கைத்தொலைபேசிக்கும் போகும். அவர் அதைப் பார்த்ததும் அனுமதிப்பத்திரத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு இரண்டு பேருடைய கைகளுக்கு நடுவே போவதில்லை. சாரதியிடம் வங்கிச் செயலி இல்லாவிட்டால் வீட்டிலிருக்கும் மகளோ மச்சானோ இலக்கத்தைக் கேட்டுக் கட்டிவிடலாம். இங்கே பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

பொலிசுக்கும் சனத்துக்கும் நடுவே கைத்தொலைபேசி என்ன செய்யும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தண்டப்பணக் கதையைத்தான். ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் உண்டு. சாரதி அனுப்புகிறார், பொலிஸ்காரருக்குச் செய்தி கிடைக்கிறது. கிடைத்ததென்று சாரதிக்கும் தெரிகிறது. கடைசியில் ஒரு காரியம் முடிகிறது. மற்றச் செயலிகளையும் நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் தர்மபுரம் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் இருக்கிறது. ரீலோட், போட்டோக்கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், கடிதம் தட்டச்சுச் செய்தல் எல்லாம் செய்கிறேன். 2009 சனவரியில் போரால் இந்த ஊர் இடம்பெயர்ந்து போனதும், பிறகு மீளக் குடியேறியவர்கள் தறப்பாளுக்குள் இருந்து தொடங்கியதும் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கைத்தொலைபேசி இந்தப் பக்கம் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் சனத்துக்குப் பொலிஸ் என்றாலே ஒரு தயக்கம் உண்டு. அதற்குப் பழைய காரணங்கள் நிறைய. அதனால் பொலிஸ் நிலைய வாசலில் ஏறுவதற்கு முன் பலர் என் கடை வாசலில் ஏறுகிறார்கள். ‘அக்கா, இதை எப்படி எழுதிறது?’ என்ற கேள்விதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி.

எழுதச் சொல்லி வருபவற்றில் காணிப் பிரச்சினை, களவு, குடும்பச் சண்டை, மாடு களவுபோனது எல்லாம் இருக்கும். ஆனால் ஆட்கள் குரலைத் தாழ்த்திச் சொல்பவை இரண்டே இரண்டு. ஒன்று கள்ள மணல், மற்றது கசிப்பு என்ற கள்ளச் சாராயம். மணலுக்காக ஆற்றுப் படுக்கைகளிலும் காட்டோரங்களிலும் இரவில் உழவு இயந்திரமும் டிப்பரும் இறங்குகின்றன. அனுமதி பெற்று மணல் அகழ்பவர் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் பத்திரமும், ஏற்றிச் செல்ல வேறொரு பத்திரமும் வைத்திருக்க வேண்டும். இரவில் ஓடுகிறவர்களிடம் அது இராது. மணல் தோண்டிய கிடங்கால் ஆற்றங்கரை இடிந்து, பக்கத்து வயலின் வரம்பும் சேர்ந்து இறங்குகிறது. அருகிலுள்ள கிணற்றில் தண்ணீர் கீழே போகிறது. இதை முதலில் பார்ப்பவர் அந்த வயல்காரர்தான். ஆனால் முறைப்பாடு கொடுக்க அவர்தான் அதிகம் பயப்படுவார். உழவு இயந்திரத்தின் சொந்தக்காரரும் அவரும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பவர்கள். சொன்னவர் யாரென்ற செய்தி, பொலிஸ் ஜீப் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் வன்னியிலே ஊருக்கு ஊர் இருக்கிறது.

இந்தப் பயத்துக்குக் கைத்தொலைபேசி ஒரு வழி திறந்தது. 119க்கு அழைப்பது பழைய வழி. பொலிஸ் மா அதிபருக்கு நேரே இணையத்தில் முறைப்பாடு எழுதும் ‘டெல் ஐஜிபி’ அதற்குப் பிறகு வந்தது. 2025 யூலை 1ஆம் திகதி பொலிஸ் தலைமையகம் ‘ஈ-ட்ராஃபிக்’ என்ற செயலியை வெளியிட்டது. வீதி விதியை மீறும் வாகனத்தைப் படமோ காணொளியோ எடுத்து அதிலே நேரே தலைமையகத்துக்கு அனுப்பலாம். அடுத்த மாதமே, பொலிஸ் மா அதிபர் பிரியந்த வீரசூரிய தனக்கு நேரே முறைப்பாடு அனுப்ப ஒரு வட்ஸ்அப் இலக்கத்தை அறிவித்தார். என் கடைக்கு வருபவர்களைப் பொறுத்தவரை, இவை எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் அந்த வட்ஸ்அப் இலக்கம்தான். புதிதாக ஒரு செயலியை இறக்க வேண்டியதில்லை, பதிவுசெய்யத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேசுவதற்காக எல்லோரும் ஏற்கெனவே வைத்திருக்கும் வட்ஸ்அப்தான்.

அனுப்பிய முறைப்பாடு அதன்பிறகு என்ன ஆகிறது என்பதையும் ஆட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. பொலிஸ் மா அதிபரே ஜீப்பில் ஏறி இங்கே வரப்போவதில்லை. மேலே போன முறைப்பாடு வகை பிரிக்கப்பட்டு, மாகாணத்துக்கும் பிறகு கிளிநொச்சிப் பிரிவுக்கும் வந்து, கடைசியில் ஏதோ ஒரு நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம்தான் இறங்கும். கொழும்புக்கு அனுப்பினால் உள்ளூர் பொலிசுக்கே தெரியாது என்று நினைத்து எழுதக் கூடாது. தெரியும். வேறுபாடு என்னவென்றால், இப்போது அந்தப் பொறுப்பதிகாரிக்கு மேலே பதில் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார். முறைப்பாடு பதிவாகி இருக்கிறது, அதற்குத் திகதி இருக்கிறது. நிலையத்துப் புத்தகத்தில் எழுதாமலே விட்டுவிடுகிற காரியம் இங்கே நடக்காது. ஒரு வயல்காரருக்கு இது சின்ன விசயமில்லை.

கல்மடுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கைத்தொலைபேசியை நீட்டி, ‘பிள்ளை, இதை அனுப்பிவிடு, என்ரை பேர் மட்டும் வரக்கூடாது’ என்றார். இரவில் எடுத்த படம். டிப்பரின் விளக்கு வெளிச்சம்தான் முழுக்க. இலக்கத்தகடு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் வீதியோரக் கிலோமீற்றர் கல்லும், அதற்கு அப்பால் மதகின் வெள்ளைச் சுவரும் தெளிவாக விழுந்திருந்தன. இப்படியான படத்தை உதவாதது என்று தள்ளக் கூடாது. வண்டி எந்த இடத்தில், எந்த வீதியில், எந்தப் பக்கம் நோக்கி நின்றது என்பதை அந்தக் கல் சொல்லும். ‘இத்தனையாம் கிலோமீற்றர் கல்லுக்குப் பக்கத்தில், மதகுக்குக் கிழக்கே, இரவு இத்தனை மணிக்கு’ என்று நான்கு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தேன். இரவில் தேடி வரும் ஜீப்புக்கு வேண்டியது அதுதான்.

படம் அனுப்புவதில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் சில பதிந்திருக்கும். எடுத்த நேரம், கைத்தொலைபேசியின் வகை, இடங்காட்டி திறந்திருந்தால் நின்ற இடம்கூட. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, அந்தக் குறிப்புகளையும் கழற்றிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் படம் சுருங்காது, குறிப்புகளும் கூடவே போகும். சான்றாக வேண்டுமென்றால் இரண்டாவது வழி நல்லது. எங்கிருந்து எடுத்தேன் என்பது தெரியக் கூடாதென்றால் முதலாவது. தன் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்தவருக்கு இந்த வேறுபாடு பெரியது. எதை அனுப்பினாலும் மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், வெட்டவோ மேலே எழுதவோ கூடாது. வழக்கென்று வந்தால் கேட்பது அந்த மூலத்தைத்தான். இன்னொன்றையும் நான் விடாமல் சொல்கிறேன். படமெடுப்பதற்காக மணல்காரருக்குக் கிட்டப் போக வேண்டாம். முகநூலில் போட வேண்டாம். முகநூலில் போட்ட மறு நிமிடமே யார் எடுத்ததென்று ஊர் கணக்குப் போட்டுவிடும்.

பெயர் வெளியே வராது என்று அந்தப் பெரியவருக்கு நான் உறுதி கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் அந்தப் பக்கம் தெரிந்தே தீரும். அந்த இலக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள், கீழே அனுப்பும்போது மறைத்து அனுப்புகிறார்களா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. குற்றத்துக்கு ஆளானவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டம் இலங்கையில் 2015இல் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது, ஆனால் அதை முழுதாக நடைமுறைப்படுத்துவது தள்ளிப் போடப்பட்டது. சட்டப் புத்தகத்தில் இருப்பது தகவல் சொல்லும் வயல்காரருக்கு எட்ட வேண்டுமென்றால், செயலியை வடிவமைக்கும்போதே ‘கீழே போகும் பிரதியில் அனுப்பியவரின் இலக்கம் இராது’ என்பதை ஒரு விதியாக வைக்க வேண்டும்.

கொடுத்த இலக்கம் வெளியே போய்விடும் என்பது வெறும் பயமில்லை. ஐதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். தெலங்கானாப் பொலிசாரின் ‘ஹாக் ஐ’ செயலி இந்தியாவில் முன்மாதிரி என்று பேசப்பட்டது. சனம் படமும் முறைப்பாடும் அனுப்பலாம், பெண்கள் வாடகை வண்டியில் ஏறும்போது பயண விபரத்தைப் பதிந்துவிடலாம், ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்தலாம். அதோடு பொலிஸ்காரர்களுக்கென்று தனியாக ‘டிஎஸ்கொப்’ என்ற செயலியை 2018இல் கொண்டுவந்தார்கள். வீதியில் நிற்கும் சாதாரணக் கொஸ்தாப்பலும் வாகன விபரத்தையும் தேடப்படுபவரின் விபரத்தையும் தன் கையிலேயே பார்க்கலாம், தன் அறிக்கையை அங்கிருந்தே பதியலாம். வோக்கிடோக்கியில் நிலையத்தைக் கூப்பிட்டு, நிலையத்தில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லும்வரை வீதியில் ஒரு ஆளை மறித்து வைத்திருப்பது அதனால் குறைந்தது. மறிக்கப்பட்டவருக்கும் அது நன்மைதான்.

2024 மே கடைசியில் அந்த ஹாக் ஐயின் தரவுகள் களவுபோய், இணையத்தில் விற்பனைக்கு வந்தன. சுமார் 2 இலட்சம் பயனர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் அதில் இருந்தன. கேட்ட விலை வெறும் 150 டொலர். பொலிஸ்காரர்களின் செயலியும் தப்பவில்லை. அடுத்த மாதம் பொலிசார் பிடித்த ஆள் 20 வயது மாணவன். ஆபத்தில் உதவி கேட்டுத் தன் இலக்கத்தைக் கொடுத்த ஒரு பெண்ணின் விபரம், பொலிசின் கையிலிருந்தே இப்படி வெளியே போனது. ஒரு செயலி வெளியிடப்படும் விழாவில் அதன் வசதிகளைச் சொல்கிறார்கள். தரவு எங்கே வைக்கப்படுகிறது, எத்தனை காலம் வைக்கப்படுகிறது, யார் திறக்கலாம் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். நாங்களும் கேட்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் எங்கள் பிள்ளைகள் பலர் விடியமுன் வெளிக்கிட்டு இருட்டியபின் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். ஏ-35 வீதியிலிருந்து உள்ளே வீடுவரை நடக்க வேண்டும். சில ஒழுங்கைகளில் வீதி விளக்கில்லை. தமிழ்நாட்டில் 2018இல் ‘காவலன் எஸ்ஓஎஸ்’ என்ற செயலி வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஐதராபாத்தில் ஒரு கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அதை இறக்கினார்கள். பொத்தானை அழுத்தியதும் சில வினாடிகள் எண்ணும், தவறுதலாக அழுத்தியவர் அதற்குள் நிறுத்திவிடலாம். நிறுத்தாவிட்டால் நிற்கும் இடம் பொலிஸ் கட்டுப்பாட்டு அறைக்கும் முன்பே குறித்துவைத்த உறவினருக்கும் போகும், கமெராவும் தானாக ஓடத் தொடங்கும். 2022இல் ‘காவல் உதவி’ என்ற பெரிய செயலி வந்தது.

இதைப் பார்த்து, ‘எங்களுக்கும் இப்படி ஒன்று வேணும் அக்கா’ என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. வேண்டும்தான். ஆனால் பொத்தான் வேலை செய்ய மூன்று விசயங்கள் பொருந்த வேண்டும். இடத்தைச் சரியாகக் காட்ட இடங்காட்டி திறந்திருக்க வேண்டும், செய்தி போகக் கோபுரத்தின் சமிக்ஞை வேண்டும், அந்தப் பக்கம் பார்த்து உடனே புறப்பட ஒரு வண்டி வேண்டும். எங்கள் உள்ளூர்களில் தரவுச் சமிக்ஞை அறுந்தறுந்து வரும். இணையம் இல்லாத இடத்தில் தானாகக் குறுஞ்செய்தியாக மாறி அனுப்பும் வகையில் செய்யாவிட்டால், காட்டுக்கரை ஒழுங்கையில் அது பயன்படாது. அதுவரைக்கும் நான் பிள்ளைகளுக்குச் செய்துகொடுப்பது வட்ஸ்அப்பில் இருக்கும் நேரலை இடப்பகிர்வு. பேருந்தில் ஏறியதும் அம்மாவுக்கோ அண்ணாவுக்கோ ஒரு மணித்தியாலத்துக்குத் திறந்துவிட்டால், அவர் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே சந்திக்கு வந்து நிற்கலாம். கூடவே 119, பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929 மூன்றையும் விரைவு அழைப்பில் போட்டுக் கொடுக்கிறேன்.

படத்தை வைத்து மிரட்டுபவர்களால் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் செய்ய நினைப்பது எல்லாவற்றையும் அழித்துவிடுவது. அழிக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிரட்டியவனின் செய்தி, இலக்கம், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் திரையோடு படமெடுத்து வைத்தால்தான் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு பின்தொடர முடியும். காசு அனுப்பக் கூடாது. ஒருமுறை அனுப்பினால் மறுபடியும் கேட்பான்.

வெள்ளக் காலத்தையும் இதோடு சேர்த்துப் பேசாமல் விட முடியாது. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறந்து, கண்டாவளைப் பிரதேசம் முழுக்க வெள்ளத்தில் நின்றது. மாவட்டத்திலேயே மோசமாக அடிபட்டது எங்கள் பிரதேச செயலகப் பிரிவு. 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கரை தொட்டபோது, நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பல மாவட்டங்களில் தொலைத்தொடர்பு அறுந்தது. மின்சாரம் நின்றால் கோபுரத்தின் மின்கலம் சில மணித்தியாலத்துக்குத்தான் தாங்கும். அது இறங்கியதும் எவ்வளவு நல்ல செயலியும் பேசாது.

கோபுரம் வேலை செய்யும்போதே எல்லோரையும் எச்சரிக்க உலகத்தில் வேறொரு முறை இருக்கிறது, செல் ஒலிபரப்பு. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் நிற்கும் அத்தனை கைத்தொலைபேசிக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகும். செயலி வேண்டாம், இலக்கம் பதிய வேண்டாம், தரவு வேண்டாம். பொத்தான் தொலைபேசிகள் பலவற்றுக்கும் வரும், சத்தமிட்டு எழுப்பும். கண்டாவளையில் நிற்பவருக்குத் தமிழிலும், வேறு இடத்தில் நிற்பவருக்கு அவரவர் மொழியிலும் அனுப்பலாம். இங்கே குளக்கதவு திறக்கும் செய்தியைப் பொலிசும் கிராம அலுவலரும் கோயில் ஒலிபெருக்கியிலும் முச்சக்கரவண்டியிலும் சொல்லிப் போகிறார்கள். அதை நிறுத்தவே கூடாது. கிராம வட்ஸ்அப் குழு வந்துவிட்டதென்று ஒலிபெருக்கியைக் கைவிட்டால், ஸ்மார்ட் தொலைபேசி இல்லாத கிழவிக்குத்தான் வெள்ளம் முதலில் வரும்.

டித்வாக் காலத்தில் பேசப்பட்ட பெரிய குறை மொழி. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சிலது வரவே இல்லை என்று தமிழர் வாழும் பல இடங்களில் குரல் எழுந்தது. மலையகத்தில் மண்சரிவுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த மணித்தியாலங்கள் எவ்வளவு பெறுமதியானவை! பொலிஸ் விசயத்திலும் இதே குறைதான். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாமலே கீழே கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப்பேர். தமிழ்பேசும் மக்களுக்காக வவுனியாவில் 107 என்ற பொலிஸ் அழைப்பு இலக்கம் வைத்தது அதனால்தான் நல்ல காரியம். இன்னும் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

வட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்பலாம், அதில் தடையில்லை. தட்டச்சுத் தெரியாதவர் குரல்பதிவாகவும் சொல்லலாம். குரல்பதிவைப் பெரியவர்கள் மிக விரும்புகிறார்கள். தாங்கள் சொன்னது சொன்னபடியே போகிறது, நடுவில் யாரும் மாற்றி எழுதவில்லை என்ற ஆறுதல். சிக்கல் திரும்பிவரும் வழியில்தான். தமிழில் எழுதிய முறைப்பாடு ஒன்றுக்கு ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு சிங்களத்தில் இருந்தது. முறைப்பாட்டுக்காரர் ஓடிவந்து தொலைபேசியை என்னிடம் தந்தார். நான் விளங்கிக்கொண்ட அளவுக்குச் சொன்னேன். என் கடையில் அந்த நேரம் ரீலோட்டுக்கு நின்ற நாலு பேருக்கும் அவருடைய விசயம் தெரிந்துபோயிற்று. இரகசியம் காக்கத்தான் அவர் வட்ஸ்அப்பைத் தேடி வந்தார். பதில் சொன்ன மொழியாலேயே அந்த இரகசியம் உடைந்தது.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 யூலை 21இல் யாழ்ப்பாணத்திலிருந்து வடக்குக்கு வந்தது. 1990க்கு அழைத்தவர் தமிழில் பேசலாம், தமிழில் பதில் கேட்கலாம். வண்டியிலிருப்பவரே திரும்ப அழைத்து, வண்டி எங்கே வருகிறதென்று சொல்லி வழி கேட்பார். சில ஆண்டுகளுக்குள் பாம்பு கடித்தாலும் பிரசவ வலி வந்தாலும் எங்கள் சனம் யோசிக்காமல் அழுத்தும் இலக்கமாக அது மாறிவிட்டது. நம்பிக்கை வரச்சொல்லி யாரும் பிரசாரம் செய்யவில்லை. அழைத்தால் வந்தார்கள், அவ்வளவுதான். பொலிசின் முறைப்பாட்டு இலக்கமும் இப்படி ஆகலாம். முறைப்பாடு கிடைத்ததென்று ஒரு இலக்கத்தோடு தமிழில் ஒரு குறுஞ்செய்தி, எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது என்று இன்னொன்று, முடிந்தபின் என்ன செய்தோம் என்று மூன்றாவது. கூரியர் பொதி எங்கே வந்துகொண்டிருக்கிறதென்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த நாட்டில் இது செய்ய முடியாத வேலை இல்லை.

பொலிஸ் பக்கத்துக் கஷ்டத்தையும் நான் பார்க்கிறேன். ஒரு வட்ஸ்அப் இலக்கத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து வந்து குவியும் செய்திகளைத் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆட்கள் இருந்து படித்துப் பிரிக்க வேண்டும். நிலையத்தில் இருப்பவருக்கும் மேலிருந்து வரும் செய்தி, குழுவில் வரும் செய்தி, நேரே வரும் ஆட்கள் என்று மூன்று பக்கமும் இழுக்கும். பொறுப்பதிகாரி இடமாற்றத்தில் போனாலும் நிலையத்தின் உத்தியோகபூர்வக் கைத்தொலைபேசி இலக்கம் பதவியோடு இங்கேயே நிற்பது நல்ல ஏற்பாடு. அதேபோல அந்தத் தொலைபேசியில் வந்த முறைப்பாடுகளும் புதிய அதிகாரியின் கைக்கு மாற வேண்டும். போனவரின் சொந்த வட்ஸ்அப்பில் கிடந்த படங்கள் அவரோடு மாத்தறைக்கோ பதுளைக்கோ போய்விட்டால், ஊர் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர்களை வடக்கில் கூட்டாமல் தமிழ்ச் செயலி ஒன்றை மட்டும் வெளியிட்டால், அந்தப் பக்கம் வாசிக்க ஆளில்லாத பெட்டியாகத்தான் அது இருக்கும்.

பதில் வராதவர்களுக்கு நான் இப்போது ஒரு வேலை செய்து கொடுக்கிறேன். அனுப்பிய நாளும் நேரமும் தெரியும்படி வட்ஸ்அப் திரையைப் படமெடுத்து, அதை அச்சிட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புவது. பொலிஸ் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் இருக்கிறார். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். விசாரணை நடக்கிறதென்று சொல்லி உள்விபரத்தைத் தர மறுக்கலாம். ஆனால் முறைப்பாடு கிடைத்ததா, எந்தத் திகதியில் எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது என்ற கேள்வி அப்படி மறைக்க வேண்டியதல்ல. பொலிசின் நடத்தையிலேயே குறையென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இருக்கிறது. இந்த விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்வதற்கு நான் காசு வாங்குவதில்லை. பதிவுத் தபால் செலவை மட்டும் அவர்கள் கட்டுகிறார்கள். கேள்வியை இரண்டு வரிக்குள் கேளுங்கள், திகதியைத் தவறாமல் போடுங்கள், பிரதியொன்றை வீட்டில் வையுங்கள்.